சிலை விளையாட்டு

பிப்ரவரி 3

என் அருமைத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். முழங்கால்தான் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? பெரியவளுக்கு இருமல் நின்றதா? சின்னவன், நம் எறும்பு, இன்னும் கீழே கிடப்பதையெல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில் சேர்க்கிறானா? நாலு வயதுக்குள் இத்தனை சேமிப்பு நம் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை.

குடும்ப நல மையத்தில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. போகிற வீடுகளின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் சட்டம். அதனால் வழக்கம்போலக் கதவின் நிறத்தை வைத்துச் சொல்கிறேன். போன மாதம் என்னைப் படுத்தியது பச்சைக் கதவு. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். சந்துப் பக்க ஜன்னலில் நின்று கூப்பிட்டேன். "அம்மா வந்தாத்தான் திறக்க முடியும். சாவி அம்மாகிட்ட இருக்கு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாளே பிள்ளைகளை அரசுக் குழந்தைகள் இல்லத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பப்ப வந்து உக்காந்து நல்லா பேசினீங்களே, இதுக்குத்தானா?" என்று கேட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு தீ விபத்து நடந்திருந்தால்? பெற்ற மனசுக்கு இப்படிப் பூட்டிவிட்டுப் போக எப்படி வருகிறதோ, எனக்குப் புரியவில்லை.

உன் வீட்டுக்காரரிடமிருந்து தகவல் உண்டா? உடம்பைக் கவனித்துக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை எனக்கு எழுதுவதோடு சரியா? பெரியவளுக்கு இருமல் போய்விட்டது. எறும்பின் பையில் நேற்று நாலு பொத்தானும் ஒரு திருகாணியும் இருந்தன. யார் வீட்டுக் கதவு கழன்று விழப்போகிறதோ.

அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. கப்பலில் போனவரைக் கடல் விழுங்கியதா, ஏதாவது ஒரு துறைமுகம் விழுங்கியதா தெரியவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டேன். நான் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கீழ்வீட்டுத் தையல்காரம்மாவும் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, சமாளிக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்காக இல்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பு மடிக்கிற ஒருத்திக்காக. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். பெரியது பள்ளியிலிருந்து வருகிற நேரத்தில் இவள் இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். சின்னது ஒருநாள் அக்காவை ஏமாற்றிவிட்டுப் படியிறங்கி, பஸ் போகிற சாலைக்கே போய்விட்டது. யாரோ ஒரு புண்ணியவான் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அன்றிலிருந்து வெளியே பூட்டிவிட்டு வருகிறாள். அடுப்பை மூடி, தீப்பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் வருகிறாள், அக்கா. அவள் அலட்சியக்காரி இல்லை. யாராவது கதவைத் தட்டினால் சத்தம் போடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சிலை விளையாட்டு சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தட்டுகிறவர் போகும்வரை ஆடக் கூடாது, அசையக் கூடாது.

அவளுக்கு உன்னைப் போன்றவர்களிடம் போய்க் கேட்கப் பயம். கேட்டால் உதவி கிடைக்குமா, பிள்ளைகள் போய்விடுமா? உன்னிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சீக்கிரம் எழுது. தினமும் கேட்கிறாள்.

தங்கை


மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று இந்தத் தடவை ஒரே வரியில் முடித்துக்கொள்கிறேன். தினமும் கேட்கிறாள் என்றாயே, அதனால்தான் இந்த அவசரம்.

அவளிடம் கண்டிப்பாகச் சொல். இன்றோடு நிறுத்த வேண்டும். சிலை விளையாட்டாம்! ஆபத்தில் கத்திக் கூப்பிட வேண்டிய பிள்ளைகளை ஊமையாக இருக்கப் பழக்குகிறாள். அலட்சியக்காரி இல்லை என்று நீ வக்காலத்து வாங்காதே. என்னிடம் வருகிற எல்லா அம்மாக்களும் அலட்சியக்காரி இல்லைதான்.

உதவி என்றால், பகல் காப்பகங்கள் இருக்கின்றன. சாயங்காலத்துக்கு மேல் யாரும் பார்த்துக்கொள்வதில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு வீடு இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. எங்கள் வேலையில் அது குற்றம். அவள் முகவரியை அனுப்பு. உங்கள் ஊர் அலுவலகத்தில் சொல்கிறேன். அவள் உன்னைக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கதவு என்ன நிறம்?

தையல்காரம்மா போனபிறகு உன் பிள்ளைகளை யாரிடம் விடுகிறாய் என்று நீ எழுத மறந்துவிட்டாய். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். எல்லோரும் மிகவும் நலம். நீயும் நலம்தானே?

அந்தப் பெண் வேறு ஏற்பாடு செய்துகொண்டாள். இனி அவளைப் பற்றிக் கவலை வேண்டாம், முகவரியும் வேண்டாம். அவள் கதவை நான் பார்த்ததில்லை. எங்களுக்கென்ன, பக்கத்து வீட்டு அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். நல்ல மாதிரி. எறும்பு அவளோடு ஒட்டிக்கொண்டான். சலவைக்கூடத்தில் புது இயந்திரம் வந்திருக்கிறது. போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்பதில்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். நான் மெலிந்துவிட்டேன் என்கிறார்கள். அது அங்கிருக்கும் வெக்கை.

பெரியவள் கீழே உனக்கு எழுத வேண்டுமாம். இடம் விட்டிருக்கிறேன். நான் வேலைக்குக் கிளம்புகிறேன், அவளே ஒட்டி நாளைக்குப் பள்ளிக்குப் போகும்போது தபால் பெட்டியில் போடுவாள்.

தங்கை

பெரியம்மா, நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? நாங்க இப்ப சிலை விளையாட்டில் ரொம்ப கெட்டிக்காரங்க. போன வாரம் ஒருத்தர் ரொம்ப நேரம் கதவைத் தட்டினார். எறும்புக்குத் தும்மல் வந்தது. நான் அவன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டேன். அவர் போயிட்டார். அம்மா வந்ததும் சொன்னேன். அம்மா எங்களுக்கு முத்தம் கொடுத்துட்டு அழுதாங்க. ஜெயிச்சா ஏன் அழணும்?


ஏப்ரல் 28

என் கண்ணே,

நீ நலமாக இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியவள் எழுதியதை நீ பார்த்திருக்க மாட்டாய். அவளைத் திட்டாதே.

பக்கத்து வீட்டு அம்மா என்று யாரும் இல்லை, அப்படித்தானே? நீ எனக்காக இல்லை என்று எழுதியதை நான் அப்படியே நம்பினேன் பார். ஊரார் வீட்டில் கதவு திறப்பதற்குள் உள்ளே என்ன நடக்கிறது என்று மோப்பம் பிடிக்கிறவள் என்று எனக்குப் பெயர். என் தங்கை கேட்ட கேள்விக்கு நான் எழுதிய பதிலை நினைத்தால் என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இந்த நிமிடமே பஸ் ஏற வேண்டும் என்று கால் பரபரக்கிறது. மையத்தில் ஆய்வுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள், மே கடைசியில்தான் விடுப்பு தருவார்களாம். அதுவரை பொறுக்க எனக்குத் தைரியம் இல்லை. பயிற்சிக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள் உன் ஊரில்தான் வேலை செய்கிறாள். நெட்டை என்று கூப்பிடுவோம். உன்னைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதிகாரியாகப் போகாதே, என் தோழியாகப் போ என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் வந்தால் உட்காரவைத்துப் பேசு. எதையும் எழுத மாட்டாள். சத்தியம்.

சாப்பிடு, தூங்கு. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலமா? உன் பதில் வருவதற்குள் நானே எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல செய்தி. ஜூன் முதல் எனக்குக் காலை ஷிப்ட் தருவதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். எறும்பைப் பகல் காப்பகத்தில் விட்டு, பெரியவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் நான் வீட்டில் இருப்பேன். நேற்று இதைக் கேட்டதும் கழிப்பறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இனிமேல் மறைக்க வேண்டியதில்லை. கூட வேலை செய்கிறவள் என்று எழுதியது என்னைப் பற்றித்தான். பச்சைக் கதவுக்காரியைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பூட்டிவிட்டு மூன்று மாடி இறங்குவதற்குள் என் உயிர் என்னிடம் இருப்பதில்லை, அக்கா. தெருவில் எங்காவது தீயணைப்பு வண்டி மணி கேட்டால் மடிக்கிற விரிப்பு கையிலிருந்து நழுவிவிடும்.

இன்னும் ஒரே ஒரு மாதம். அதுவரை உனக்குத் தெரியாத மாதிரி இரு. யாரிடமும் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இதை வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போடுகிறேன்.

தங்கை


மே 8

என் தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? உன் கடிதம் வருவதற்கு முன்பே நெட்டையின் போன் வந்துவிட்டது. நீ எழுதிய அதே நாள் பிற்பகலில்தான் அவள் உன் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

அவள் சொன்னதை எழுதுகிறேன், உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். தட்டினாளாம். வெளியே பூட்டு. நடைப் பக்க ஜன்னலின் இடுக்கில் பார்த்தாளாம். "ஒண்ணு நாற்காலியில, ஒண்ணு தரையில. கத்திக் கத்திக் கூப்பிடறேன். ஆடல, அசையல. கேஸ் கசிஞ்சு போயிட்டுதோன்னு எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்று போனில் அழுதாள். அவள் போட்ட கூச்சலில் மாடி முழுக்கக் கூடிவிட்டது. யாரோ கடப்பாரை கொண்டுவந்தார்கள், யாரோ போலீசைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு எதுவும் அவள் கையில் இல்லை.

அவளைக் கோபிக்காதே. சிலை விளையாட்டைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் என் தங்கையை மட்டமாக நினைப்பாளோ என்று மறைத்தேன். அதைச் சொல்லியிருந்தால் அவள் ஜன்னலில் சிரித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

பிள்ளைகள் இல்லத்தில் பத்திரமாக இருக்கிறார்களாம். பதில் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


மே 27

தங்கைக்கு,

நலமா? பதில் இல்லை. சலவைக்கூடத்துக்குப் போன் செய்தேன். "வர மாட்டேங்கறாங்கம்மா. போன்ல நீங்கதான்னு சொன்னதும் திரும்பிப் போயிட்டாங்க" என்றார் மேற்பார்வையாளர். நீ உயிரோடு நடமாடுகிறாய் என்று தெரிந்ததே போதும் என்று போனை வைத்தேன்.

விடுப்பு கிடைத்துவிட்டது. பெட்டி கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். வரட்டுமா? கூப்பிடாத வீட்டுக்குள் கால் வைக்காதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிற முதல் பாடம். ஒரு வார்த்தை எழுது, போதும். வரட்டுமா?

அக்கா


ஜூன் 11

மதிப்பிற்குரிய சமூகப் பணியாளர் அவர்களுக்கு,

நான் நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள்.

தங்கள் கடிதங்கள் கிடைத்தன. என் கதவு பழுப்பு நிறம். முன்பு கேட்டிருந்தீர்கள். இப்போது தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்குகிறது. அடுத்து யாருக்காவது கடிதம் எழுதும்போது அடையாளத்துக்கு உதவும்.

வேலை முடிந்து வந்தபோது கதவு திறந்து கிடந்தது. மூடி வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலில் நின்று, "நாங்க என்னம்மா செய்யறது, செத்துப் போச்சுன்னுல்ல நெனச்சோம்" என்றாள். குடும்ப நல அலுவலகத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள், தங்களைப் போலவே. குழந்தைகளுக்குப் பொறுப்பேற்க உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் பிறந்ததும் காலை ஷிப்ட் கிடைத்துவிட்டது. சொன்ன சொல் தவறாதவர் மேற்பார்வையாளர். பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. ஜன்னலில் நின்று கூப்பிட்டது தாங்களாக இருந்திருந்தால், பெரியம்மா வந்திருக்கேன் என்று ஒரு குரல் கொடுத்திருந்தால், பெரியவள் ஓடி வந்திருப்பாள். ஆள் அனுப்பினீர்கள். இப்போது வரட்டுமா என்று கேட்கிறீர்கள். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருக்கிற அக்கா இந்த உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்


ஜூன் 20

பெரியம்மாவுக்கு,

நான் நலம். உங்க முகவரி எனக்கு மனப்பாடம். இங்கே எங்களைப் பார்த்துக்கற அக்கா உறை கொடுத்தாங்க.

இங்கே கட்டில் இருக்கு. சாப்பாடு நிறைய போடறாங்க. கதவைப் பூட்டறதில்லை. அதனால எறும்பு தூங்க மாட்டேங்கறான். கதவைப் பூட்டுங்க, அப்பத்தான் அம்மா வருவாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றான். யாராவது உள்ளே வந்தா சிலை ஆகிடறான். நான் போதும்னு சொன்னாலும் அசைய மாட்டேங்கறான். டாக்டர் வந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாங்க. நான்தான் தோத்துட்டேனான்னு கேட்டேன். இல்லைன்னு சொன்னாங்க. அப்புறம் ஏன் எங்களைக் கூட்டிட்டுப் போகலை? நீங்க இந்த வேலைதானே பார்க்கறீங்க, உங்களுக்குத் தெரியுமா?

எறும்பும் நலம் கேட்டதா எழுதறேன். அவன் கேக்கலை.

பெரியவள்


ஜூலை 1

தங்கைக்கு,

நீ என்ன பெயரிட்டு அழைத்தாலும் சரி, எழுதுவது அக்காதான். பெரியவளின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படி.

நான் உன் ஊரில் இருக்கிறேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள விடுதியில் மாடி அறை. வேலையை விட்டுவிட்டேன். விடுப்பு இல்லை, விட்டேவிட்டேன். அந்த வேலையில் இருந்துகொண்டு இந்த வழக்கில் நான் உறவினராக நிற்க முடியாதாம். வரட்டுமா என்று இனிமேல் கேட்க மாட்டேன், வந்துவிட்டேன்.

நேற்று உன் கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது. நாற்காலி நகர்ந்த சத்தமும் கேட்டது. அப்புறம் ஒன்றுமே இல்லை. நீ மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாய். அக்கா, அக்கா என்று என் காலைச் சுற்றி வந்தவள் எனக்கும் சிலையாக நின்றாய் என்றால், என் மேல் உனக்கு எவ்வளவு பயம் வந்திருக்க வேண்டும்! படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சத்தமாகவே அழுதேன், உனக்குக் கேட்டிருக்கும்.

அலுவலகத்துக்கும் போய்வந்தேன். "அம்மா யாரும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. அவங்க வாயால சொன்னாத்தான் உங்களை உறவினர்னு எடுத்துக்க முடியும்" என்கிறார்கள். எட்டாம் தேதி விசாரணையில் உன்னை மறுபடியும் கேட்பார்கள். நான் உன் வீட்டில் இருக்கிறேன் என்றால் பிள்ளைகளைத் திருப்பித் தருவது பற்றி யோசிப்பார்களாம். அன்றும் நீ இல்லை என்று சொன்னால் ஒரு வருடத்துக்கு இல்லத்திலேயே வைத்திருக்க உத்தரவு போட்டுவிடுவார்கள். என்னை மன்னிக்க வேண்டாம். இருக்கிறாள் என்று மட்டும் சொல். இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும், என் வீடு மூன்றாவது மாடி.

நேற்று விசாரணை நடந்தது. உறவினர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். உன் முகம் நினைவுக்கு வந்தால் கூடவே அந்த உடைந்த கதவும் வருகிறது, என்ன செய்ய? "ஒரு அக்கா இருக்கா" என்றேன். விசாரித்த அம்மா தாள்களைப் புரட்டிவிட்டு, "போன தடவை யாரும் இல்லைன்னு சொன்னீங்களே?" என்றார். "அன்னிக்கு இல்லை" என்றேன். எழுதிக்கொண்டார்.

வீட்டை வந்து பார்ப்பார்களாம். அக்கா அங்கேயேதான் தங்கியிருக்கிறாளா என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார்களாம். அதற்குப் பிறகு முடிவு செய்வார்களாம். பிள்ளைகளை எப்போது தருவார்கள் என்று சொல்லவில்லை. தருவார்கள் என்றும் சொல்லவில்லை. எறும்பை இன்னொரு டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். அவன் என்னைப் பார்த்தும் அசையவில்லை, அக்கா. மடியில் வைத்திருந்தேன். மரக்கட்டை மாதிரி இருந்தான்.

இதை வேலைக்குப் போகிற வழியில் உன் விடுதியில் கொடுத்துவிட்டுப் போகிறேன். கதவுக்குப் போட்ட புதுப் பூட்டின் சாவியும் உறைக்குள் இருக்கிறது. பெட்டியை எடுத்துக்கொண்டு வா. வந்தால் நான் உன்னோடு பேச மாட்டேன். எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியாது. அதற்காக நீ கிளம்பிப் போய்விடக் கூடாது.

தங்கை